சவளோடு சகாராவில்

என்னை நம்பி ஒருவரும் உலகப்படம் பார்க்கவேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பெரிய சண்டை ஒன்றும் இல்லாமல் பிரிந்துவிட்டோம். மொறோக்கோ ஆபிரிக்காவில் இருக்கிறது என்று மகள் சொல்லும்வரைக்கும் அது இத்தாலிக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட ஆள் ஒருநாள் பின்னேரம் சகாரா பாலைவனத்தில், ஊர் பேர் தெரியாத சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, கையில் சவளோடு ஒரு மணல் மலையின் அடியில் நின்றேன். அந்தக் கதையில் ஒரு வெற்றி உண்டு. அது என்னுடைய வெற்றி அல்ல என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என் தொழில் ஸ்னோ அள்ளுவது. நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும், கனடாவில், ஸ்காபரோவில் வீட்டு வாசல், கடை வாசல், கோயில் வாசல் என்று ஒரு தொகை வாசல் என் பொறுப்பில் கிடக்கும். பெரிய இடமென்றால் முன்னால் தகடு பூட்டிய பிக்கப் வண்டி, சின்ன இடமென்றால் கையால் அள்ளுகிற, நீளப் பிடி போட்ட சவள். கோடையில் புல்லு வெட்டுவேன். இதற்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் இருக்கிறது. என் விசிற்றிங் கார்ட்டில் மகள் அதைத்தான் அடித்துத் தந்திருக்கிறாள். எனக்கு அதை ஒரே மூச்சில் சொல்ல வராது. அதனால் யாராவது கேட்டால் கார்ட்டைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு பெப்ரவரி காலை. ஊர் வாசலெல்லாம் வழித்துத் துடைத்து, வழுக்காமல் இருக்க உப்பும் தூவிவிட்டு, கடையொன்றில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் என் சொந்த வாசலில் என் மனைவி சறுக்கி விழுந்தாள். எங்கள் வாசலைக் கடைசியாகச் செய்யலாம் என்று விட்டிருந்தேன். சிகை அலங்கரிப்பவரின் பிள்ளை தலைவாராமல் திரிகிற மாதிரித்தான் இதுவும்.

அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருபது வருடமாக வயதானவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் எழுப்பி மாற்றியவள். அதிலேயே முழங்கால் பாதி தேய்ந்திருந்தது. மீதியை என் வாசல் முடித்துவைத்தது. டொக்டர் பழைய முழங்காலைக் கழற்றிவிட்டுப் புதிது பூட்டினார். அவள் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன். ஒன்றும் சொல்லாததால் ஒவ்வொரு ஸ்னோவுக்கும் காலையில் முதல் வேலையாக எங்கள் வாசலைத்தான் அள்ளுகிறேன். சில நாட்களில் ஸ்னோ விழ முன்னரே சவளோடு போய் நிற்பேன்.

கால் ஆறு மாதத்தில் தேறிவிட்டது. ஆனால் அவளுடைய நடை மாறிவிட்டது. நிலமெல்லாம் முட்டை அடுக்கி வைத்திருக்கிற மாதிரி அடி எடுத்து வைப்பாள். கடையில் தரை ஈரம் என்று மஞ்சள் பலகை நிறுத்தியிருந்தால் அந்தக் கடைக்குள்ளேயே போகமாட்டாள். வெளியில் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “விழக்கூடாது, விழக்கூடாது” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவாள். பார்க்கிறவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் போன பிசியோதெரபி நிலையத்தில், மிதிக்கிற சைக்கிளுக்கு நேர் எதிரே ஒரு பெரிய படம் தொங்கியது. மஞ்சள் மணல் மலை. அதன் உச்சிவரைக்கும் ஒரு வரிசைக் காலடி. வாரத்துக்கு மூன்று தரம் அரை மணித்தியாலம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். கடைசி நாள் முடித்துக்கொண்டு வந்து காரில் ஏறினாள். நான் சிக்னலில் நின்றேன்.

“இஞ்சேருங்கோ, நான் அந்த மணல் மலையிலை ஏறப்போறன்.”

“எந்த மணல் மலை?”

“பிசியோவிலை தொங்குது, அது.”

“அது படமெல்லோ?”

“படத்திலை இருக்கிறது உலகத்திலை எங்கையோ இருக்குந்தானே. பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ காரை.”

அன்று மாலை மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, திஸ் இஸ் மொறோக்கோ. சகாரா டெசேர்ட். ஆர் யூ சீரியஸ்?”

“ஓம்.”

“அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“நான் என்னத்தைச் சொல்லுறது? கொம்மா பச்சை லைட்டிலை சொன்னவ. நிக்கேலுமே?”

றிச்மண்ட் ஹில்லில் ஒரு அண்ணை இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வெடுத்தபிறகு ஆட்களைச் சேர்த்து இந்தியாவுக்குக் கோயில் சுற்றுலா கூட்டிப்போனவர். பிறகு தைரியம் வந்து மற்ற நாடுகளுக்கும் தொடங்கினார். நல்ல மனிதர். ஆனால் ஆட்களை எண்ணுவது அவருக்கு ஒரு நோய் மாதிரி. கக்கூசுக்குப் போய் வந்தாலும் எண்ணுவார். ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு பேரோடு மொறோக்கோவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தோம். இரண்டு நாளில் போன் வந்தது.

“தம்பி, உம்மடை மனுசிக்கு முழங்கால் மாத்தினதெல்லே? ஒண்டுக்கும் யோசியாதையும். மணல் மலை ஏறுற அண்டைக்கு அவ கீழை இருக்கலாம். ஒரு கதிரை போட்டுவிடுவம். தேத்தண்ணியும் குடுப்பினம்.”

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. குசினியில் வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

“அண்ணை, நான் ஏறுவன்,” என்றாள் அங்கிருந்தே.

“தங்கச்சி, கேளும். பன்ரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறன். நீர் நடுவிலை நிண்டால் மற்றாக்களும் நிக்கோணும்.”

“நிக்கமாட்டன்.”

“விழுந்தால்?”

கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வெட்டுகிற சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னரைவிட மெதுவாக.

மறுநாள் முதல் பயிற்சி ஆரம்பம். ரொறன்ரோவில் மார்ச் மாதத்தில் மணலுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் சின்னப்பிள்ளைகள் விளையாடுகிற மணல் பெட்டி ஒன்று இருக்கிறது. ஸ்னோ கரைந்த அன்றே போய்விட்டோம். அவள் பாரமான குளிர் ஜக்கெட்டும் தொப்பியும் போட்டபடி அந்தப் பெட்டிக்குள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நான் கரையில் நின்று சுற்றை எண்ணினேன். மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத் தன் சின்ன வாளியைக் கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்டியது. அவள் அதையும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மொறோக்கோவில் மரக்கேஷ் நகரத்தில் இறங்கி, ஒரு சின்ன பஸ்ஸில் இரண்டு நாள் ஓட்டம். மலைப்பாதை வளைவுகளில் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார்கள். பிக்கரிங்கில் இருந்து வந்த ஒரு அக்கா மட்டும் அசையவில்லை. பருத்தித்துறை வடை நிரப்பிய பிளாஸ்ரிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “வெறும் வயிறெண்டால்தான் பிரட்டும், சாப்பிடுங்கோ” என்று ஆளாளுக்கு நீட்டினார். மதியம் மண்சட்டியில் வேகவைத்த கோழி வந்தது. சட்டியின் மூடி கூம்பு மாதிரி இருந்தது. அக்கா தன் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினார். பரிமாறியவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். பிறம்ரனிலிருந்து வந்த ட்றக் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். என்னைவிட அவருக்கு வாய் நீளம் என்பதால் நான் அவரோடு பகைக்கவில்லை.

வழியில் ஒரு பழைய ஊர். மண் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு குன்றில் ஏறிப்போகின்றன. அடியில் நின்று அண்ணை எங்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் என் மனைவியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“தங்கச்சி, நீர் இதிலை இரும். படி செங்குத்து. எங்கடை பைகளையும் ஒருக்கால் பாத்துக்கொள்ளும்.”

பதினொரு பைகளுக்கு நடுவே, கம்பளம் விற்கிற கடையின் திண்ணைக்கட்டில் அவள் ஒரு மணித்தியாலம் இருந்தாள். நானும் கூட இருந்திருக்கலாம். நான் மேலே போய் இளித்துக்கொண்டு படமெடுத்தேன். என் புத்தி அப்படி.

அன்றிரவு ஹோட்டல் அறைக்கு வந்ததும் கட்டிலில் குந்திக் காலை நீட்டினாள்.

“நானென்ன சூட்கேசே? போற போற இடமெல்லாம் இறக்கி வைச்சிட்டுப் போறியள்.”

“சூட்கேசெண்டால் உருட்டச் சில்லு இருக்கும். உனக்கு அதுவும் இல்லை,” என்றேன்.

சிரிக்கவில்லை. வழக்கமாக என் உதவாத பகிடிக்கும் ஒரு சிரிப்பாவது வரும்.

“அவர் ஏலாதெண்டு சொல்லுறதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஏலாதெண்டு எனக்கே மனசுக்குள்ளை கிடக்கு. அதுதான் கோவம் வருது.” பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கும் கீழை இருந்தனெண்டால், ரொறன்ரோ போயும் நான் கீழைதான் இருப்பன்.”

 

மறுநாள் பின்னேரம் பாலைவனம் வந்தது. ரோட்டு முடிகிற இடத்தில் மணல் தொடங்குகிறது. நடுவில் ஒரு வேலிகூட இல்லை. மணல் மலை படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. படத்தில் அது சுவரில் இரண்டு முழம்தானே இருந்தது.

மற்றவர்கள் ஒட்டகத்தில் ஏறினார்கள். என் மனைவியால் காலை அவ்வளவு அகட்டிப் போட முடியாது, நடப்பது என்று தீர்மானம். எனக்கென்று ஒதுக்கிய ஒட்டகம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை ஒரு மனிதன் போட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அதோடு நானும் நடப்பது என்று முடிவு செய்துகொண்டேன். எங்களோடு அந்த ஊர் வழிகாட்டி ஒருவரும் நடந்தார். நீலத் தலைப்பாகை கட்டிய, என் வயதுக்காரர். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். எனக்கும் கொஞ்சம்தான் தெரியும் என்பதால் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

மலையடியில் அண்ணை எங்களுக்கு முன்னரே போய் இறங்கியிருந்தார். சொன்னபடி ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் பிடித்துவிட்டார். அதை மணலில் ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். என் மனைவி கதிரையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள். வாய்க்குள் மந்திரம் தொடங்கிவிட்டது.

ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் சாமான் ஏற்றி வந்த ஜீப்பின் பக்கத்தில் ஒரு சவள் கட்டியிருப்பதைக் கண்டேன். மணலில் ரயர் புதைந்தால் கிண்டுவதற்கு வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் சவளைக் கண்டதும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அவிழ்த்து எடுத்துவிட்டேன்.

“என்ன செய்யப்போறியள்?” என்றாள் மனைவி.

“படி வெட்டப்போறன். நீ ஒவ்வொண்டா ஏறி வா.”

ரொறன்ரோவில் ரோட்டோரம் ஆளுயரத்துக்கு ஸ்னோ குவிந்து கிடக்கும்போது, பஸ் தரிப்பில் நிற்கிற வயதானவர்கள் கடந்துபோக நான் அதில் படி வெட்டிக்கொடுப்பேன். சவளின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினால் சீமெந்துப் படி மாதிரி நிற்கும். முப்பது வருட அனுபவம். அந்த அனுபவத்தின் திமிரோடு சகாராவில் முதல் படியை வெட்டினேன். தட்டினேன். அழகாக இருந்தது. இரண்டாவது வெட்டினேன். மூன்றாவதை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதலாவது படியைக் காணவில்லை. மறுபடி கீழே போய் அதை வெட்டினேன். மேலேயிருந்து மணல் ஆறுதலாக இறங்கி வந்து இரண்டாவதை மூடியது. விடாமல் வெட்டினேன். பத்து நிமிடத்தில் வியர்வையில் குளித்து, புறப்பட்ட இடத்திலேயே முழங்கால்வரை புதைந்து நின்றேன்.

“அண்ணை, உப்புப் போட மறந்திட்டியள்!” என்று பிறம்ரன்காரர் ஒட்டகத்தின் மேலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

“ஸ்னோ அள்ளுற நாளிலை இதிலையும் கார் நிப்பாட்டத் தடையோ எண்டு கேளுங்கோ,” என்றார் பிக்கரிங் அக்கா. அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“தம்பி, அதைக் கொண்டுபோய் வையும்,” என்றார் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு. “வெள்ளைக்காரர் படம் எடுக்கினம்.”

உண்மைதான். வேறொரு கூட்டத்து ஆட்கள் வரிசையாக நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும்.

வழிகாட்டி மரியாதைக்கு இவ்வளவு நேரமும் பொறுத்துக்கொண்டு நின்றவர், கிட்ட வந்து கேட்டார். “யூ… வேர்க்… ஸ்னோ?”

“யெஸ். கனடா. ஸ்னோ. தேர்ட்டி இயர்.”

மனிதர் அப்படியே மணலில் குந்திவிட்டார். தலைப்பாகை அவிழச் சிரித்தார். அதைப் பார்த்து இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் என் மனைவி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. என் கையைப் பிடிக்காமல் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லவில்லை.

“விடுங்கோ, விடுங்கோ. உங்களுக்கு உது சரிவராது,” என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள், சொக்ஸைக் கழற்றினாள். “நான் நடக்கிறன்.”

வழிகாட்டி எழும்பித் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு கையால் விளக்கினார். நேரே ஏறக்கூடாது. பக்கத்தால் போய் மலையின் முதுகு வரம்பைப் பிடிக்கவேண்டும், அங்கே காற்று மணலை இறுக்கி வைத்திருக்கும். அவர் வைத்த அடியிலேயே அடி வைக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தை. சவள் தேவையில்லை. சவளை நான் விடவில்லை, ஊன்றிக்கொண்டு நடக்க உதவும் என்று வைத்துக்கொண்டேன். திரும்பக் கொண்டுபோய்க் கட்ட வெட்கமாகவும் இருந்தது.

அவள் நடந்தாள். பத்து அடி, நிற்பாள். ஐந்து மூச்சு. மறுபடி பத்து அடி. அவசரமே இல்லை. இளம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நேர்ச்சரிவில் ஓடி ஏறி, சறுக்கி, நாக்குத் தள்ளிக் கிடந்தார்கள். இவள் அவர்களைத் தாண்டிப் போனாள். எங்கள் ஆட்களும் ஒட்டகத்தை விட்டு இறங்கிப் பின்னால் வரத் தொடங்கினார்கள். அண்ணை கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். இடையில் அவள் களைத்துவிட்டால் இருத்துவதற்காம். சொன்னேனே, நல்ல மனிதர்.

பாதித் தூரத்தில் ஒருவர் விழுந்தார். அது நான்.

விழுந்தேன் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். மணலில் குந்தினேன், பிறகு எழும்ப முடியவில்லை. காலை ஊன்றினால் கால் உள்ளே போகிறது, கையை ஊன்றினால் கை உள்ளே போகிறது. சவளை ஊன்றினேன், அதுவும் போனது. நெஞ்சு புல்லு வெட்டுகிற மெஷின் மாதிரி அடித்தது. மேலே பார்த்தேன். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். ‘போ, நான் இதில் இருக்கிறேன்’ என்று கையால் காட்டினேன். அவள் திரும்பி இறங்கி வந்தாள், பதினைந்து அடி. புது முழங்காலோடு கஷ்டப்பட்டு ஏறிய பதினைந்து அடி.

எனக்கு முன்னால் வந்து நின்றபோது அவள் என் மனைவி மாதிரி இருக்கவில்லை. வேலைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தாள்.

“இரண்டு காலையும் பின்னுக்கு எடுங்கோ. இன்னும். ம். இப்ப மூக்கைக் கால்விரலுக்கு நேரை கொண்டுவாங்கோ.”

“மூக்கையோ?”

“கதையாதையுங்கோ. தொண்ணூற்றிரண்டு வயசு மனுசனே இதைச் செய்து எழும்புறார். மூக்கைக் கொண்டுவாங்கோ.”

மூக்கைக் கொண்டுவந்தேன். அவள் பக்கத்தில் வந்து என் இடுப்பு பெல்ட்டுக்குள் கையை விட்டுப் பிடித்தாள். “வேலையிலை இதுக்கெண்டு தனி பெல்ட் இருக்கு. உங்கடை வயித்துக்கு அது காணாது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, எழும்புங்கோ.”

எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது. இருபது வருடம் இவள் வேலைக்குப் போய் வந்தாள், நான் வாசலில் இறக்கி ஏற்றினேன். இதைத்தான் அங்கே செய்கிறாள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

“நான் பின்னாலை வாறன். நீங்கள் முன்னாலை நடவுங்கோ. பத்து அடி, பிறகு நிக்கோணும். நான் எண்ணுறன்.”

இப்படியாக, முழங்கால் மாற்றியவள் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துத் தள்ள, முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கிற நான் முன்னால் தள்ளாடி ஏறினேன். வழிகாட்டி வாய்க்குள் சிரித்துக்கொண்டே அடி வைத்துக்காட்டினார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தட்டையான இடம் வந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அதில் நின்று மூச்சு வாங்கினார்கள். அண்ணையும் வந்து சேர்ந்தார். கதிரையை இறக்கி வைத்தார். என் மனைவியைப் பார்த்து, “இரும் தங்கச்சி” என்று சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே தானே அதில் இருந்துவிட்டார்.

“காணும், போதும்,” என்றார் மூச்சு வந்ததும். “இவ்வளவும் காணும். இதிலை நிண்டே சூரியனைப் பாப்பம். படம் எடுங்கோ.”

“மேலை இன்னும் கிடக்கண்ணை,” என்றாள்.

“இருட்டப்போகுது. ஆரும் தனியப் போகவேண்டாம்.”

“தனிய இல்லை. இவர் வாறார்.”

நான் வருகிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் அவள் இப்போது எனக்குக் காத்திருக்கவில்லை. வழிகாட்டிக்குப் பின்னால் வரம்பில் ஏறத் தொடங்கிவிட்டாள். கடைசிப் பகுதி கூர்மையானது, கத்தி முனை மாதிரி. இரண்டு பக்கமும் சரிவு. பத்து அடி. நின்றாள். பத்து அடி. நின்றாள். மூன்றாவது தரம் ஏழாவது அடியில் வரம்பு உடைந்தது.

அவள் விழுந்தாள்.

பக்கவாட்டில் விழுந்து, சத்தமில்லாமல் ஐந்தாறு முழம் சறுக்கிப்போய்ப் புதுக் காலுக்கு மேலேயே கிடந்தாள். கீழே தட்டையான இடத்தில் பேச்செல்லாம் நின்றது. “ஐயோ, பிள்ளை!” என்றார் பிக்கரிங் அக்கா. நான் ஓடினேன். ஓடினேன் என்று நினைத்தேன், மணலில் மிதித்த இடத்திலேயே மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சவள் கையைவிட்டு எங்கேயோ போய்விட்டது. அப்போது எனக்கு ஒரு பகிடியும் தெரியாது, ஒரு கடவுளின் பெயரும் தெரியாது.

அவள் அசையாமல் கிடந்தாள். பிறகு காலை மெதுவாக நீட்டினாள். மடித்தாள். மறுபடி நீட்டினாள். கையால் மணலை அள்ளிப் பார்த்தாள்.

“இஞ்சேர்! இஞ்சேர்! நோகுதோ?”

அவள் கையிலிருந்த மணலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடியேய், சொல்லன்!”

“மெத்தை,” என்றாள்.

“என்னது?”

“மெத்தை மாதிரிக் கிடக்கு. ஒண்டும் நோகேல்லை.” எழும்பி இருந்தாள். முகம், முடி எல்லாம் மணல். “ஒரு வருசத்துக்கு மேலா விழக்கூடாது, விழக்கூடாது எண்டே நடந்து திரிஞ்சன். விழுந்திட்டன் பாருங்கோ. விழுந்துமிட்டன், ஒண்டுமில்லை!”

பிறகு யாரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தாள். எழும்பி நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, வேண்டுமென்றே மறுபடி பொத்தென்று விழுந்தாள். வழிகாட்டி பயந்து “மேடம்!” என்று கத்தினார். அவள் கிடந்தபடியே சிரித்தாள். எழும்பினாள், மூக்கைக் கால்விரலுக்கு நேரே கொண்டுவந்து, யாரும் தூக்காமல்.

கடைசி இருபது அடியையும் நிற்காமல் ஏறினாள். எண்ணவும் இல்லை. உச்சியில் போய் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கி, “நான் வந்திட்டன்!” என்று தமிழில் கத்தினாள். கீழே நின்ற வெள்ளைக்காரர்கள் ஒன்றும் விளங்காமல் கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். பிறம்ரன்காரர்தான் அதிகம் அடித்தார், ட்றக் ஹோர்ன் மாதிரி.

“பொறு பிள்ளை, நானும் வாறன்!” என்று பிக்கரிங் அக்கா வடை டப்பாவையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். “எங்கை போறியள் எல்லாரும்? நில்லுங்கோ!” என்று அண்ணை கதிரையில் இருந்தபடி கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. பிறகு அவர் சத்தத்தை மாற்றி, “பாத்துப் போங்கோ! நான் இதிலை இருந்து ஆக்களை எண்ணுறன்!” என்றார்.

நான் கடைசியாக, நாலு காலில் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த இடத்திலேயே குப்புறக் கிடந்தேன். மேற்கே சூரியன் நல்ல சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள். என் மனைவி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றாள். அந்தப் பக்கம் மணல் மேடு மேடாக, முடிவே இல்லாமல் போனது.

“அங்காலை என்ன?” என்று வழிகாட்டியிடம் கையால் கேட்டாள்.

“அல்ஜீரியா.”

“என்னவாம்?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். உலகப்படம் என்னிடம் கேட்கிறாள்.

“வேறை நாடாம்.”

“ம்,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு வரம்பு நீள, அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். முட்டையை மிதிக்கிற நடை இல்லை. மணல் பறக்க, குதிக்காலால் குத்திக் குத்தி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் சறுக்கி விழுந்தாள், சிரித்தாள், எழும்பினாள், நடந்தாள். வழிகாட்டி தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு “மேடம்! மேடம்!” என்று பின்னால் ஓடினார்.

“இஞ்சேர், எங்கை போறாய்?” என்று கத்தினேன்.

“சும்மா! கெதியா வாங்கோ!”

என்னை எழுப்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிறம்ரன்காரர் ஒரு கையையும் பிக்கரிங் அக்கா மறு கையையும் பிடித்து இழுத்தார்கள். நான் நிமிர்ந்து, மணலைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது, அவள் அடுத்த மேட்டில் பாதி ஏறியிருந்தாள்.